மெட்டோப்ரோலால் ஊசியை ஏன் விட்டுவிட்டுப் போடுகிறார்கள்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. மெட்டோப்ரோலால் 50 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் படபடப்பு வந்து நாடித்துடிப்பு 150-ஐத் தாண்டியது. அவசர சிகிச்சைப் பிரிவில் அதே மருந்தை ஊசியாகப் போட்டார்கள். கொஞ்சம் போட்டு, மானிட்டரைப் பார்த்து, மறுபடி கொஞ்சம் போட்டார்கள். அவ்வளவு ஆபத்தான மருந்தா? அடுத்த முறை பக்கத்து கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: மெட்டோப்ரோலால், அட்ரினலினின் உந்துதலைத் தடுத்து இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து. அதன் ஊசியை அப்படித்தான் போட வேண்டும். மாத்திரையில் ஏறக்குறைய பாதி, கல்லீரலைத் தாண்டும்போதே சிதைந்துவிடும். ஊசி மருந்து முழுசாக ரத்தத்தில் இறங்கி, சில நிமிடங்களில் வேலையைக் காட்டும். அதனால் வழக்கமாக ஒரு தடவைக்கு 5 மி.கி.க்கு மேல் போடுவதில்லை. அதையும் இரண்டு நிமிடம்போல மெதுவாகச் செலுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, நாடி, பிரஷர், இசிஜி மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. மொத்தம் 15 மி.கி.க்கு மேல் போவதில்லை. பிரஷர் இறங்கினாலோ துடிப்பு ரொம்பக் குறைந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

ஊசிக்கு முன்னால் "வீசிங் உண்டா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா" என்று கேட்டிருப்பார்கள். இந்தக் கேள்விகளை அலட்சியப்படுத்தவே கூடாது. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழல் இறுகிவிடலாம். பலவீனமான இதயமோ அட்ரினலின் தரும் உந்துதலில்தான் சமாளித்துக்கொண்டிருக்கும். அதைத் திடீரென்று தடுத்தால் பிரஷர் சரிந்துவிடும். சீனாவில் சுமார் 46,000 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த கமிட் ஆய்வு 2005-இல் வெளியானது. இந்த மருந்தை முதலில் ஊசியாகவும் பிறகு மாத்திரையாகவும் கொடுத்ததில் மறு மாரடைப்பு ஆயிரத்துக்கு 5 குறைந்தது. ஆனால் இதயம் செயலிழந்து அதிர்ச்சி நிலைக்கு (உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை) போனவர்கள் ஆயிரத்துக்கு 11 பேர் கூடினார்கள், அதுவும் பெரும்பாலும் முதல் நாளிலேயே. அதன் பிறகுதான் மாரடைப்பு என்றாலே எல்லோருக்கும் ஊசி என்ற வழக்கம் குறைந்தது. தாங்குவாரா என்று சந்தேகம் இருந்தால் எஸ்மோலால் என்ற இதே வகை மருந்தை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றலாம். நிறுத்தினால் அரை மணி நேரத்துக்குள் அதன் வேகம் அடங்கிவிடும்.

கிளினிக்கில் வேண்டாம். மானிட்டர், அட்ரோபின் (குறைந்த துடிப்பைக் கூட்டும் மருந்து), ஆக்சிஜன், டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவி) இல்லாத இடத்தில் இந்த ஊசியைப் போடக் கூடாது. இன்னொன்று, படபடப்புக்கு வெராபமில் ஊசியும் உண்டு. அதற்கு மேல் இதையும் போட்டால் துடிப்பு அடியோடு நின்றுபோகலாம். அதனால் மருந்துச் சீட்டு எப்போதும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கட்டும். மாத்திரையைத் தானாகக் கூட்டுவதும் வேண்டாம், சட்டென்று நிறுத்துவதும் வேண்டாம்.

சரி, அந்த 150 எதனால் வந்தது என்று சொன்னார்களா? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) என்றால், பக்கவாதத்தைத் தடுக்க ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். தைராய்டும் பார்க்க வேண்டும். அன்று எடுத்த இசிஜியின் நகலை வாங்கிக்கொண்டு இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள்.