புயல் வெள்ளம் வடிந்த பிறகு அயலவர்களால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

கேள்வி இதுதான்: ஊர் முழுக்கத் தண்ணீருக்குள் போன பிறகு, தானும் எல்லாம் இழந்து நிற்கிற ஒருவர் பக்கத்து வீட்டுக்கு எதைக் கொடுத்து உதவுவார்? அது அரசாங்கமும் நிறுவனங்களும் பார்க்க வேண்டிய வேலையல்லவா?

கொடுக்கப் பொருள் இருக்காது, உண்மைதான். ஆனால் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எது போய்விட்டது, எதை அவர்கள் வாய்திறந்து கேட்கவே மாட்டார்கள் என்பது அயலுக்குத்தான் தெரியும். லொறியில் சாமான் கொண்டுவருபவருக்கு அது தெரியாது. டிட்வா புயலுக்குப் பிறகு எங்கள் ஊர் எழும்பியதில் பெரும் பங்கு இதற்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

நான் இருப்பது திருகோணமலை மாவட்டத்தில், மூதூருக்குத் தெற்கே, வெருகல் ஆற்றுப் பக்கம். இடம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடிவந்து எங்கள் மாவட்டத்தில்தான் கடலில் விழுகிறது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவுக்குப் போகும், இன்னொன்று வெருகல் ஆறாக எங்கள் பக்கம் வரும். 2025 நவம்பர் கடைசியில் புயல் கிழக்குக் கரையோரமாக மேலேறிப் போனபோது காற்றையும் மழையையும் ஒருமாதிரிச் சமாளித்துவிட்டோம். 1964 புயலைக் கண்ட பெரியவர்கள்கூட, அந்தளவு காற்று இல்லை என்றுதான் சொன்னார்கள். காற்று அடங்கி வானம் வெளித்த பிறகுதான் மலைநாட்டில் பெய்த மழை எங்களிடம் வந்து சேர்ந்தது. 30ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை மாவிலாறு அணைக்கட்டு உடைந்தது. அதன் பிறகு வயல் எது, ஆறு எது, வீதி எது என்று சொல்ல முடியவில்லை.

உயிரைக் காப்பாற்றிய நாட்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. கடற்படை வந்தது, ஹெலி வந்தது. கரையோரத்து மீனவர்கள் பைபர் வள்ளங்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வயல்வெளிக்கே வந்து ஆட்களை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது மரண உதவிச் சங்கத்துக் கிடாரங்களிலும் தறப்பாள்களிலும்தான் எங்கள் சமையல் நடந்தது. 2006இல் இதே மாவிலாற்றின் பேரில் தொடங்கிய சண்டையில் ஊரைவிட்டு ஓடி, வருடக்கணக்கில் முகாமில் கிடந்த சனம் நாங்கள். வரிசையில் நிற்கவும், ஒரு வகுப்பறையைச் சேலை கட்டி மறைத்துக் குமர்ப்பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்ற இடம் ஒதுக்கவும் எங்கள் அம்மாமாருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

கடினமான காலம் வீடு திரும்பிய பிறகு வருவது. கதவைத் தள்ளினால் திறக்காது, உள்ளே முழங்கால் வரை சேறு. இதில் ஒரு விஷயம் முக்கியம். தண்ணீர் முழுதாக வற்றும்வரை காத்திருக்கக் கூடாது. அது இறங்கிக்கொண்டிருக்கும்போதே, அதே தண்ணீரை அள்ளி ஊற்றித் தும்புத்தடியால் சேற்றை வெளியே தள்ளிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் மண்வெட்டியால் கொத்தித்தான் எடுக்கலாம். எங்கள் ஒழுங்கையில் முதலில் வந்து சேர்ந்த நாலைந்து பேர், வீட்டுக்காரர் இன்னும் முகாமில் இருந்த வீடுகளுக்குள்ளும் போய் இதைச் செய்தார்கள். போகுமுன் வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்கள், எடுத்துவைத்த சாமான்களைப் படம் பிடித்து அனுப்பினார்கள். இல்லாவிட்டால் பிறகு "என்ர தோட்டைக் காணேல்லை" என்று வீண் மனஸ்தாபம் வரும். வெறுங்காலோடு யாரையும் சேற்றில் இறங்கவிடவில்லை. எலிக்காய்ச்சலுக்கு சுகாதாரப் பரிசோதகர் தந்த குளிசையை, போட்டார்களா இல்லையா என்று பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் ஒவ்வொருவராகக் கேட்டுத் திரிந்தார்கள். மின்சாரமும் அப்படித்தான். வயரிங் தெரிந்த தம்பி ஒருவர் பார்த்துச் சரி சொல்லும்வரை யாரும் மெயின் சுவிச்சைப் போடவில்லை.

இனிக் கிணறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு செய்கிற வேலையே கெடுத்துவிடக்கூடிய இடம் இது.

பவுசரில் தண்ணீர் வந்தது. ஆனால் அது குடிக்கவும் சோறாக்கவும்தான் காணும். சேற்றைக் கழுவ, உடுப்புத் தோய்க்க, பிள்ளைகளைக் குளிப்பாட்டக் கிணறு வேண்டும். எங்கள் கிணறுகளில் மலசலகூடக் குழித் தண்ணீரும் செத்த கோழியும் வயலுக்கு அடித்த மருந்துப் போத்தலும் ஒன்றாக மிதந்தன. இளம் பொடியன்கள் பம்ப் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து, ஒரேயடியாக இறைத்து வற்றவைக்கலாம் என்று நின்றார்கள். கிணறு வெட்டிப் பழகிய மாமா ஒருவர் குறுக்கே நின்று மறித்தார். "நிலம் முழுக்கத் தண்ணி குடிச்சு நிக்குது. உள்ளுக்க இருக்கிற தண்ணியை இழுத்துப்போட்டா வெளித் தண்ணி கட்டைத் தள்ளிப்போடும் தம்பி" என்றார். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் நடந்ததைப் பார்த்தவர் அவர். அவசரமாகத் திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகள் இடிந்ததும், கடலுக்குக் கிட்ட இருந்தவற்றில் இன்னும் உப்பு ஏறியதும் எங்கள் பக்கத்தில் பலருக்கு நினைவிருக்கிறது.

அதனால் இப்படிச் செய்தோம். முதலில் கடகத்தால் மிதக்கிற குப்பையை வாரி எடுத்தோம். பிறகு கொஞ்சம் இறைத்து, விட்டு, ஊறவைத்து, மறுநாள் மீண்டும் கொஞ்சம். நிலத்துத் தண்ணீர் இறங்கிய பிறகுதான் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறங்கி அடிச் சேற்றை வாளியில் அள்ளிக் கொடுத்தார். பம்பை உள்ளே இறக்கி ஓடவிடவே இல்லை. அந்தப் புகை கிணற்றுக்குள் நின்றால் இறங்குகிற ஆள் மேலே வரமாட்டார். உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, சுகாதாரப் பரிசோதகர் அளந்து தந்த குளோரினைக் கலந்து, இரவு முழுக்க விட்டோம். அதன் பிறகும் அவர் பார்த்துச் சொல்லும்வரை குடிக்கவில்லை.

ஒரு பம்ப், ஒழுங்கை முழுக்கக் கிணறுகள். யாருடையது முதலில்? சண்டை வரக்கூடிய இடம் இதுதான், வரவும் வந்தது. மண்ணெண்ணெய்க்குக் காசு போட்டவர் தன் கிணறு முதலில் என்றார், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் மாதர் சங்கத்தில் கணக்கு எழுதுகிற அக்கா ஒரு கொப்பியை எடுத்து முறை எழுதினார். அதிக குடும்பங்கள் அள்ளுகிற கிணறு முதலில். அடுத்து கைக்குழந்தையும் கர்ப்பிணியும் உள்ள வளவு. பிறகு தனியாக இருக்கிற வயதானவர்கள். மற்றவர்கள் அதன் பிறகு. பெயர்களை வாசித்துக் காட்டியதும் சத்தம் போட்டவரும் அடங்கிவிட்டார். அந்தப் பட்டியலில் அக்காவின் பெயர் கடைசியில் இருந்தது. உதவும் மனம் எல்லோரிடமும் இருந்தது, ஆனால் முறை எழுதப்படும்வரை அது ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் நின்றது. என்னைக் கேட்டால் பம்பைவிட அந்தக் கொப்பிதான் பெரிய உதவி.

கேட்காதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கைக் கடைசியில் ஓர் ஆச்சி இருக்கிறார். "என்ன வேணும் ஆச்சி?" என்று யார் கேட்டாலும் "எனக்கு ஒண்டும் வேண்டாம் மோனை, பிள்ளைகுட்டிக்காரருக்குக் குடுங்கோ" என்பார். அதை நம்பித் திரும்பி வந்தால் அவர் ஈரத் தரையில்தான் படுப்பார். அதனால் நாங்கள் கேட்பதை விட்டுவிட்டோம். தும்புத்தடியோடு போய் நின்றோம். அவருடைய குசினியில் அடுப்புக்கல் சேற்றுக்குள் புதைந்து கிடந்தது. அதைத் தோண்டியெடுத்து, கழுவி, இருந்த இடத்திலேயே வைத்துத் தேத்தண்ணீர் கொதிக்க வைத்தோம். அவர் அழுதார். நாங்களும்தான்.

கடதாசி வேலையும் அயலவர் வேலைதான். அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி அனுமதிப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாம் நனைந்துவிட்டன. வெயிலில் போட்டால் மை போய்விடும், தாள் சுருங்கும். நிழலில், துணிக்கு மேல், ஒட்டிய தாளை இழுக்காமல் காயவிட வேண்டும். வீடு துப்புரவாக்க அரசாங்கம் 25,000 ரூபா அறிவித்தபோது, ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக இருந்தவர்களும் வாடகைக்கு இருந்தவர்களும் பட்டியலில் விடுபட்டார்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் முற்றத்தில் மேசை போட்டு இருந்து அவர்களுக்கு மேன்முறையீடு எழுதிக் கொடுத்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் இருந்ததற்குச் சாட்சியாகப் பக்கத்து வீட்டார் கையெழுத்து வைத்தார்கள். அயலைத் தவிர வேறு யார் அதற்குச் சாட்சி சொல்ல முடியும்?

அது உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம். எஞ்சிய பாடங்களைத் தள்ளிவைத்தார்கள், ஆனால் எங்கள் பிள்ளைகளின் கொப்பிகள் ஆற்றோடு போய்விட்டன. தண்ணீர் ஏறாத ஊர்ப் பிள்ளைகள் தங்கள் குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மூதூரில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் நானா ஒருவர் அவற்றை அச்சடித்துக் கட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். மாடுகளும் அப்படித்தான் திரும்பி வந்தன, எல்லாம் இல்லை, கொஞ்சம். அடித்துக்கொண்டு போன மாடுகள் எங்கெங்கோ கரையேறி நின்றன. சேருவில பக்கத்துச் சிங்களக் குடும்பம் ஒன்று, தங்கள் வயலும் மண்மூடிக் கிடக்க, எங்கள் ஊர் மாடுகளைக் கட்டி வைக்கோல் போட்டுக் காத்திருந்தது. குறியைப் படம் எடுத்து, யார் யாருக்கோ அனுப்பி, கடைசியில் உரியவரைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, மாட்டுக்காரருக்குச் சிங்களம் தெரியாது. இந்த மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற மூன்று சனமும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்த வருடங்களை நான் கண்டிருக்கிறேன். அதனால் இதைச் சின்ன விஷயமாக என்னால் கடந்துபோக முடியவில்லை.

வெளியூர்களிலிருந்து உதவ நினைப்பவர்களுக்கு ஒன்று. முதல் கிழமை பழைய உடுப்பு மலையாகக் குவிந்தது. நன்றியோடு வாங்கினோம், ஆனால் பாதியை உடுக்க முடியவில்லை. அதே நேரம் வாளிக்கும் கயிற்றுக்கும் மண்வெட்டிக்கும் சப்பாத்துக்கும் அலைந்தோம். பெண்களுக்குத் தேவையான துவாய்களை யாரிடம் கேட்பது என்று பிள்ளைகள் கூச்சப்பட்டார்கள். ஊரில் ஒரு பெண்ணிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். மூன்றாம், நான்காம் கிழமையில் வாருங்கள், அப்போதுதான் யாரும் வருவதில்லை. விதைத்து முளைத்திருந்த பெரும்போக நெல் அழுகிப்போய், மறுபடி விதைக்க விதைநெல் தேடி எங்கள் விவசாயிகள் அலைந்தது அந்த நாட்களில்தான்.

இப்போது மரண உதவிச் சங்கத்துச் சந்தாவோடு சேர்த்து வீட்டுக்கு 100 ரூபா கூடக் கட்டுகிறோம். ஊருக்கென்று சொந்தமாக ஒரு பம்ப், நீளக் குழாய், நல்ல கயிறு வாங்குவதற்கு. ஐப்பசி மழைக்கு முன் வாங்கிவிட வேண்டும் என்று பேச்சு. எல்லா வீட்டுப் பத்திரங்களையும் படம் எடுத்து, மேட்டு நிலத்தில் உள்ள இரண்டு வீடுகளில் பிரதி வைக்கும் வேலையையும் பிள்ளைகள் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் ஊரும் ஆற்றோரம் என்றால், இந்த இரண்டையும் மழைக்கு முன்னே செய்துவையுங்கள்.