மெழுகு வைத்த பக்கங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளி ஆசிரியை. இந்தத் தவக்காலத்தில் கறி, டிவி சீரியல் எல்லாம் விட்டேன். நாவலை மட்டும் விட முடியவில்லை. போன வாரம் ஒரு சஸ்பென்ஸ் நாவல் கிடைத்தது. பாதி தாண்டியதும் படபடப்பு தாங்காமல் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன். கொலைகாரன் யார் என்று தெரிந்தபிறகு புத்தகத்தில் ருசியே இல்லை. அன்று சாயங்காலம் கோயிலில் சிலுவைப் பாதை. நின்றுகொண்டிருக்கும்போது ஒரு நினைப்பு வந்தது. இதுவும் முடிவு தெரிந்த கதைதானே? மூன்றாம் நாள் இயேசு உயிரோடு எழுந்துவிடுவார் என்று தெரிந்துகொண்டே பெரிய வெள்ளிக்கு எப்படி அழுவது? என் விசுவாசமும் கடைசிப் பக்கம் பார்த்த விசுவாசம்தானா? தவக்காலத்தில் கொலைக்கதை படிப்பது பாவம் என்கிறார் என் மாமியார். அப்படியா? நல்ல சஸ்பென்ஸ் நாவல்கள் நாலைந்து சொல்ல முடியுமா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சிமடத்துத் தங்கச்சிக்கு,

மாமியார் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ரொனால்ட் நாக்ஸ் என்று ஒரு கத்தோலிக்கக் குரு இருந்தார். விவிலியம் முழுவதையும் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். துப்பறியும் நாவல்களும் எழுதினார். 1929இல் அந்த மாதிரிக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வேறு வகுத்துக் கொடுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், ஆவி பேய் அற்புதம் எதையும் உள்ளே விடக்கூடாது என்றெல்லாம். அற்புதத்தை நம்புகிற சாமியாரே கதைக்குள் அதற்கு இடமில்லை என்றுவிட்டார், பாருங்கள்.

அது போதாதென்றால் தானியேல் ஆகமம் 14ஆம் அதிகாரத்தை மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள். (பிராட்டஸ்டண்ட் வீட்டில் போய்த் தேடாதீர்கள், அவர்கள் பைபிளில் இருக்காது.) பேல் சிலைக்கு ராத்திரி படைத்த சாப்பாடு காலையில் காணாமல் போகிறது. சிலைதான் சாப்பிடுகிறது என்கிறார்கள் பூசாரிகள். தானியேல் தரையெல்லாம் சாம்பலைத் தூவிவிட்டுக் கதவைச் சாத்தி முத்திரை வைக்கச் சொல்கிறார். விடிந்து திறந்தால் ஆண், பெண், பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாகக் கால்தடம். சாம்பலுக்கு நாம் தவக்காலம் தொடங்குகிற புதன்கிழமை மட்டும்தான் வேலை வைத்திருக்கிறோம்.

நாவல் பட்டியல் தரமாட்டேன். கடைசிப் பக்கத்தைத் திறக்கிற கைக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுத்து என்ன?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கேட்டது இருபது நாளாக எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. வெளியூர் நண்பர் ஒருவரைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போயிருந்தேன். இடிந்த கோயிலுக்குள் ஒரு கல்யாண ஜோடியைப் பீடம் இருந்த இடத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுக்கட்டும், நல்ல வெளிச்சம். எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. அங்கே போவதற்கு முன்னால் என் கதை ஒன்று.

எண்பதுகளின் நடுவில், எனக்குப் பதினாலு வயது. பெரிய வெள்ளி காலை சிலுவைப் பாதையில் பாட்டுப் புத்தகத்துக்குள் ஒரு மாத நாவலை மடித்து வைத்துப் படித்துக்கொண்டு போனேன். ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கும் பாருங்கள், அந்த ரகம். பதினோராம் நிலையில் எல்லோரும் முழந்தாளிட, புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது. அட்டையில் கத்தியும் ரத்தமும். மேலே படத்தில் இயேசுவுக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். வேறு வழி? சொல்லி முடித்ததும் சாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வலைத்தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்டார்: "யாருடா கொன்னது?"

"இன்னும் முடிக்கல சாமி."

"எடுத்துட்டு வா."

பீடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் அவர் செய்ததை இப்போதும் பார்க்க முடிகிறது. கடைசிப் பதினாறு பக்கத்தை எண்ணிச் சேர்த்துப் பிடித்தார். எரிந்து மிச்சமான மெழுகுதிரித் துண்டு ஒன்றைப் பற்றவைத்து, பக்கங்களின் ஓரத்தில் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக ஒழுகவிட்டார். மட்டமான தாளில் மெழுகு எண்ணெய் மாதிரி ஊறிப் பரவியது. ஊதி ஊதி ஆறவைத்து என் கையில் கொடுத்தார். "பாஸ்கா பூசை முடிஞ்சு பிரி. இதுதான் உனக்கு அபராதம்." பத்து அருள் நிறை மந்திரம் கொடுத்திருந்தால் கோயில் வாசல் தாண்டுவதற்குள் முடித்திருப்பேன்.

சனிக்கிழமை விடிந்தது. தங்கச்சி, உங்களிடம் நான் பேச வந்தது இந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான்.

அன்று பூசை கிடையாது. பீடத்தில் துணி கிடையாது, நற்கருணைப் பேழை திறந்து கிடக்கும். மெழுகு வைத்த புத்தகத்தோடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வேறு கதியில்லாமல், படித்த பக்கங்களையே திரும்பப் படித்தேன். எல்லோரையும் சந்தேகப்பட்டேன். மூன்றாம் அத்தியாயத்தில் செத்த பெண்ணின் அம்மா வருகிறாள். இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்கிறார். அவள் பதில் சொல்லாமல் டம்ளரில் இருந்த காபி ஏடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதல் வாசிப்பில் அந்த அம்மா என் கண்ணில் படவே இல்லை. கொலைகாரனைத் துரத்துகிறவனுக்கு அவளிடம் என்ன வேலை? சனிக்கிழமை பூராவும் அவளோடுதான் இருந்தேன். ராத்திரி பாஸ்கா பூசை முடிந்து மெழுகைச் சுரண்டிப் பிரித்துப் பார்த்தால், கொன்றவன் கணக்குப்பிள்ளை. அந்தப் பதினாறு பக்கத்தில் அம்மா ஒரு இடத்திலும் இல்லை. எழுதியவரே அவளை மறந்துவிட்டார்.

முடிவு தெரிந்த கதைக்கு எப்படி அழுவது என்கிறீர்கள். சீடர்களுக்கு மட்டும் தெரியாதா? மாற்கு நற்செய்தியில் 8, 9, 10 என்று வரிசையாக மூன்று அதிகாரத்தில், மூன்று தடவை, கொல்லப்படுவேன், மூன்று நாளுக்குப் பின் எழுவேன் என்று இயேசுவே சொல்கிறார். கடைசிப் பக்கத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். என்ன ஆயிற்று? பிடிக்க ஆள் வந்ததும் ஓட்டம். முடிவு தெரிந்ததால் அழுகை வரவில்லை என்பது சாக்கு, தங்கச்சி. அவர்களுக்குச் சனிக்கிழமை இருந்தது. நமக்கு அன்றைக்குப் பலகாரம் சுட நேரம் சரியாக இருக்கிறது. வெள்ளி சாயங்காலம் சிலுவை முத்தி செய்துவிட்டு ஒரே தாவலில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு வந்துவிடுகிறோம். நடுவில் ஒரு நாள் முழுசாக அந்த மனுஷன் செத்துக் கிடந்தார். லூக்கா அந்த நாளை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்: பெண்கள் கட்டளைப்படி ஓய்ந்திருந்தார்கள். அந்த ஓய்வு எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? முடிவைத் தெரிந்துகொள்வதும் விசுவாசமும் ஒன்று என்று உங்களுக்கு யார் சொன்னது? மாற்குவின் பழைய பிரதிகளில் கதை 16:8உடன் நின்றுவிடுகிறது. கல்லறை காலி. பெண்கள் பயந்துபோய் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். கொஞ்ச காலமாவது சில ஊர்களில் சனங்கள் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஜெபித்திருப்பார்கள்.

அதே சனிக்கிழமை மத்தியானம் அப்பத்தா முற்றத்தில் மாவு சலித்துக்கொண்டிருந்தது. "ஏன்டா மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்க?" மெழுகைக் காட்டினேன். சிரித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னது.

1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை ராத்திரி புயல். அப்பத்தா அப்போது மண்டபத்தில் இருந்தது. அதன் அண்ணன் தனுஷ்கோடியில், இலங்கையில் இருக்கிற தலைமன்னாருக்குப் போகும் கப்பலுக்குச் சாமான் தூக்குகிறவர். விடிந்து பார்த்தால் பாம்பன் பாலம் சிதைந்து கிடக்கிறது. தந்தி இல்லை. பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று ஒருவர் சொல்ல, போடா பைத்தியம் என்று அவரை அடிக்கப் போனார்களாம். அப்புறம் படகில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்க ஆரம்பித்தார்கள். அப்பத்தா கரையில் நின்று ஒவ்வொரு படகிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. புதன், வியாழன். வெள்ளிக்கிழமை கிறிஸ்துமஸ். பூசை மணி அடித்தும் போகவில்லை. "அந்த வருசம் பாலன் பொறக்கலடா" என்றது. ஈரத்தலையோடு போர்வை சுற்றி வருகிற ஆம்பளையெல்லாம் அண்ணன் மாதிரியே இருந்தார்களாம். சாயங்காலம் ஒரு வத்தை, சின்னப் படகு, வந்தது. அதில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார்.

அப்பத்தா சல்லடையைத் தட்டியது.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, மாவைச் சலி."

சாகிற வரைக்கும் அந்தக் கதையை அது அந்த வத்தைக்கு அப்பால் கொண்டுபோனதில்லை. பல வருசம் கழித்து அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் இந்நேரம் அடுத்த பத்திக்குத் தாவியிருப்பீர்கள் என்று தெரியும். அங்கேயும் இல்லை.

அந்த நாவலை அலமாரியில் போட்டிருப்பீர்கள். எந்தப் பக்கத்தில் விட்டுவிட்டுத் தாவினீர்களோ அங்கிருந்து எடுத்துப் படியுங்கள். பெயரை நீங்கள் எழுதவில்லை. நான் இன்னும் படிக்காததாக இருக்கலாம், அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பெயரை மட்டும்.