கூடத்துக்குள் ஒரு வில்

கேள்வி: மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார்கள். ஜப்பானில் உட்கார்ந்தபடியே வீட்டுக்குள் அம்பு எய்வார்களாமே, எங்கள் கூடத்தில் ஆடலாமா? நீளம் 30 அடி.
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: தாராளமாக ஆடலாம், அம்மா. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலம் முழுவதும், மழை வந்தால் விளையாட்டு நின்றுவிடுவதைப் பார்த்து வருந்தியவன் நான். உங்கள் கேள்வி எனக்கு அத்தனை மகிழ்ச்சி தந்தது.

ஜப்பானில் இதற்கு இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று யோக்யூ. வில் சுமார் 85 செ.மீ., அம்பு ஓர் அடிக்கும் குறைவு, இலக்கு 13.5 மீட்டர் தள்ளி. முன்பு பிரபுக்களின் பொழுதுபோக்காக இருந்து, எடோ காலத்தில் (1603–1868) கோயில் வாசலில் அம்பு எய்து ஆடும் கடைகள்வரை வந்துவிட்டது. மற்றொன்று, மியாசாக்கி மாவட்டத்து நிச்சினான் பகுதியில் இன்றும் ஆடப்படும் ஷிஹான்மாதோ. அங்கே மண்டியிட்டு அமர்ந்து, சுமார் 8.2 மீட்டர் தூரத்திலுள்ள 13.6 செ.மீ. இலக்கை எய்கிறார்கள். வில்லும் அம்பும் தலா 136 செ.மீ. போரில் துணைநின்ற உழவர்களுக்கு ஓபி நாட்டுப் பிரபு இந்த ஆட்டத்தை அனுமதித்தார் என்பது அவ்வூர் வழக்கு.

பிள்ளைகளுக்கு யோக்யூவின் சிறு வில்லும் நிச்சினானின் தூரமும் போதும். 8.2 மீட்டர் ஏறக்குறைய 27 அடி. உங்கள் கூடத்தில் அடங்கிவிடும்.

வில்லுக்கு, கூடை முடைபவர்களிடம் நன்றாகக் காய்ந்த மூங்கில் பிளாச்சு கேளுங்கள். பச்சை மூங்கில் வளைந்தபடியே நின்றுவிடும், விசை போய்விடும். தோல்பக்கம் இலக்கை நோக்கி இருக்கட்டும். நாண் இழுத்தபின் அம்பில்லாமல் விடவே கூடாது, வில் பிளந்துவிடும். அம்பு முனையில் ரப்பர். இலக்குக்கு ஓர் எவர்சில்வர் மூடியைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். சேலத்தில் அதற்கா பஞ்சம்? பட்டால் கணீரென்று சொல்லும். அதன் பின்னால் பழைய கம்பளியைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். இழுத்துக் கட்டிய துணி அம்பைத் திருப்பி அடிக்கும், தொய்ந்த துணி வாங்கிக்கொள்ளும்.

ஒரு விதியில் மட்டும் இளக்கம் வேண்டாம்: எல்லோரும் வில்லைக் கீழே வைத்த பிறகே அம்பு பொறுக்கப் போக வேண்டும்.

கேள்வி: அந்தக் கோயில் வாசல் கடைகள் என்னவாயின?
— ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: அம்பு பொறுக்கித்தரப் பெண்களை வைத்தார்கள். நாளடைவில் அவர்களுக்காகவே ஆட்கள் வந்தார்கள், விபச்சாரமும் நுழைந்தது. எடோ காலத்துக்குப் பின் வந்த மெய்ஜி அரசு கட்டுப்பாடு விதித்தது, கடைகள் தேய்ந்தன. ஆட்டத்தின் மேல் பழி போடுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பெண்களைச் சரக்காக்கியவர்கள் கடைக்காரர்கள். இன்று ஜப்பானியத் திருவிழாக்களில் தக்கை சுடும் துப்பாக்கிக் கடைகளைப் பார்க்கலாம். அம்பு எய்வதன் நிதானம் அதில் வராது என்பது என் கருத்து.