மாவு வியாபாரத்துக்கு 50,000 ரூபாய்: புரோக்கர் எதற்கு?

கேள்வி: கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். பெரிய கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் வாங்க 50,000 ரூபாய் வேண்டும். 5,000 கொடுத்தால் முத்ரா கடன் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். பக்கத்துத் தெருப் பெண்கள் வாரத் தவணைக் குழுவில் சேரச் சொல்கிறார்கள். கணவர் வாங்கிய பைக் கடன் பாக்கி இருப்பதால் எனக்குக் கடன் கிடைக்காதோ என்றும் பயமாக இருக்கிறது.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்

சகோதரி, அந்த 5,000 ரூபாயை முதலில் பத்திரப்படுத்துங்கள். முத்ரா என்பது சிறுதொழிலுக்காக வங்கிகள் மூலம் தரப்படும் அரசுத் திட்டக் கடன். அதற்கு ஏஜென்ட் என்று யாரையும் அரசு வைக்கவில்லை. 50,000 வரை உள்ள கடனுக்கு ‘சிசு’ என்று பெயர். சொத்து அடமானம் கேட்கக் கூடாது. ‘மானியம் வரும், அதில் எனக்குப் பாதி’ என்று அவர் சொல்லியிருந்தால் அதுவும் பொய். முத்ராவில் மானியமே கிடையாது. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை, ஓடிபி, அசல் ஆதார் எதையும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். வேறு சிலர் கடைக்காரரோடு சேர்ந்து பொய்க் கொட்டேஷன் போட்டு, கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் தருவார்கள். மெஷின் வீட்டுக்கு வராது, தவணை மட்டும் மாதாமாதம் வரும். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொல்லி அழுத பெண்கள் பலர்.

பைக் கடனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், பலரும் குழம்புவது இங்கேதான். கணவர் கடனுக்கு மனைவி என்பதாலேயே நீங்கள் பொறுப்பாகிவிட மாட்டீர்கள். அவர் விட்டுச்சென்ற சொத்து உங்களுக்கு வந்திருந்தால், அதன் மதிப்பு வரைக்கும்தான் கேட்க முடியும். பைக்கை எடுத்துக்கொள்ளலாம், உங்கள் சம்பாத்தியத்தைக் கேட்க முடியாது. ஆனால் அந்தக் கடன் பத்திரத்தில் இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் கதையே வேறு. அப்போது அது உங்கள் கடன், உங்கள் சிபிலிலும், அதாவது கடன் வரலாற்றுப் பதிவிலும், ஏறும். ‘எங்கெங்கோ போடச் சொன்னார், போட்டேன்’ என்பது வங்கியில் செல்லாது. அதனால் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதிலேயே கடன் காப்பீட்டுக்குப் பிரீமியம் பிடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பிடித்திருந்தால் பாக்கியைக் காப்பீட்டு நிறுவனமே கட்ட வாய்ப்பு உண்டு. குழுக் கடனில் பெண் கடன் வாங்கினாலும் கணவர் உயிருக்கும் சேர்த்துக் காப்பீடு எடுப்பது வழக்கம். கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து சொல்வதில்லை.

சரி, வாரத் தவணைக் குழு? வேண்டாம் என்பேன். மாவு விற்பனை மழையிலும் பண்டிகையிலும் ஏறி இறங்கும், தவணை இறங்காது. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். வட்டியைச் சொல்லும்போது ‘ஃபிளாட் 12 சதவீதம்’ என்றால் ஏமாறாதீர்கள். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி போடுவதுதான் ஃபிளாட். 50,000க்கு இரண்டு வருடத்தில் 12,000 ரூபாய் வட்டி கட்டுவீர்கள். குறையும் அசலுக்கு மட்டும் அதே 12 சதவீதம் போட்டால் சுமார் 6,500 தான் ஆகும். சொல்லும் சதவீதம் ஒன்றுதான், கட்டும் பணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கடன் விவரத் தாளில் மொத்த வருட வட்டி எழுதியிருக்கும், அதைப் பாருங்கள்.

என் யோசனை, முதலில் கிரைண்டர் மட்டும் வாங்குங்கள். ஃப்ரிட்ஜை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். கடன் சிறிதாக இருந்தால், ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் வரும்போது தவணையில் கை வைக்க வேண்டி வராது. வங்கியிடம் பணத்தை நேராகக் கடைக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

வங்கிக் கிளையில் ‘ஆண் ஜாமீன் வேண்டும்’, ‘வருமான வரிக் கணக்கு வேண்டும்’ என்பார்கள். புருஷன் இல்லை என்று சொல்லும் பெண்ணிடம் ஆண் துணையைக் கேட்பதை முப்பது வருடமாகப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன், இன்னும் மாறவில்லை. வாயால் ‘முடியாது’ என்றால் நகராதீர்கள். விண்ணப்பத்துக்கு ரசீதும், மறுத்தால் எழுத்தில் காரணமும் கேளுங்கள். அங்கேயே புகார் எழுதிக் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

போகும்போது ஆதார், பான், பாஸ்புக் நகல்கள், கிரைண்டர் கொட்டேஷன், தினசரி மாவு விற்ற கணக்கு எழுதிய நோட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். அந்த நோட்டை மேலாளர் முன்னால் பிரித்துக் காட்டுங்கள்.