பட்டறை கேள்வி பதில்: எந்த நட்டுக்கு எந்த இம்பாக்ட் ரெஞ்ச்?

கேள்வி: சின்னதாகக் கார் பட்டறை நடத்துகிறேன். கம்ப்ரஸர் வைக்க இடமில்லை. பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச் (நட்டை அடித்து அடித்துச் சுழற்றும் மிஷின்) வாங்கலாமென்று கடைக்குப் போனால் 330, 580, 950, 1,600 என்று பெட்டிக்கொரு எண் போட்டிருக்கிறார்கள். எதை நம்பி வாங்குவது?
வாசகர், மதுரை

பதில்: பெட்டியை விடுங்கள். உங்கள் பட்டறைக்கு வரும் நட்டைப் பாருங்கள். கார் வீல் நட்டுக்குக் கம்பெனி சொல்லும் டார்க் (சுழற்றும் வலு, பெட்டியில் இருக்கும் எண்ணும் அதுதான்) பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் அடங்கிவிடும். கழற்றுவதற்கு அது போதாது. துருவேறியிருந்தால், போன தடவை யாராவது பைப் போட்டு முறுக்கியிருந்தால், 250, 300 கூடக் கேட்கும். எவ்வளவு கேட்கிறது என்பதை வீல் ஸ்பேனரை வைத்தே கணக்குப் போடலாம். 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 60 கிலோ ஆள் ஏறி நின்றால் நட்டின்மேல் விழுவது சுமார் 175 நியூட்டன் மீட்டர். அதற்கும் அசையாமல், இரண்டடி பைப்பைச் செருகி அதே ஆள் தொங்கிய பிறகுதான் கழன்றது என்றால் 350. ஒரு மாதம் இப்படிக் கவனித்தாலே உங்களுக்கு வேண்டிய எண் கிடைத்துவிடும்.

பெட்டியில் இருப்பதும் ஒரே எண் அல்ல. முறுக்கும் டார்க் வேறு, இறுகிய நட்டை உடைத்து இளக்கும் டார்க் வேறு. மகிட்டா டி.டி.டபிள்யூ. 300 முறுக்கும்போது 330, இளக்கும்போது 580. டிவால்ட் டி.சி.எஃப். 899இல் அது 950, 1,625. சில கம்பெனிகள் பெரிய எண்ணை மட்டும் அச்சடிப்பார்கள். ஒன்றின் முறுக்கும் எண்ணை இன்னொன்றின் இளக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். அமெரிக்கச் சரக்கில் ஃபுட் பவுண்டில் எழுதியிருந்தால் 1.356ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலைக்கு 18 வோல்ட், அரை இன்ச் சதுரத் தலை (சாக்கெட் மாட்டும் முனை), கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார், முறுக்கும் டார்க் 300 முதல் 400 வரை உள்ளது சரியாக இருக்கும். வீல் நட், சஸ்பென்ஷன் கை போல்ட், பெரும்பாலான ஆக்ஸில் நட் எல்லாம் அதில் கழன்றுவிடும். கிராங்க் புல்லி போல்ட்டும் ஜீப், பிக்கப் வண்டிகளின் யூ போல்ட்டும் தினமும் வந்தால் மட்டும் பெரியதற்குப் போங்கள். பெரியது பேட்டரியோடு மூன்று கிலோவைத் தாண்டும், மட்கார்டுக்குள் தலை நுழையாது. 25 நியூட்டன் மீட்டர் போதும் என்கிற எட்டு எம்.எம். போல்ட்டில் அதை வைத்தால் ஒரு நொடியில் முறித்துவிடும்.

கடையில் இரண்டு விஷயம் கேளுங்கள். வேகத்துக்கு மூன்று நிலை இருக்கிறதா? கழற்றும்போது நட்டு இளகியதும் தானே நிற்கிறதா? இரண்டாவது இல்லையென்றால் நட்டு பறந்துபோய் வண்டிக்கடியில் விழும், தேடுவதிலேயே நேரம் போகும்.

கேள்வி: வீட்டில் திருகாணி முறுக்கும் இம்பாக்ட் டிரைவர் இருக்கிறது. அதில் அடாப்டர் போட்டு வீல் நட் கழற்றலாமா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: அதன் வலு பொதுவாக 150 முதல் 180 நியூட்டன் மீட்டர்தான். கால் இன்ச் அறுகோண அடாப்டர் அதற்கு முன்பே முறிந்துவிடும். 10, 12 எம்.எம். தலை போல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் “388 வோல்ட்” என்று போட்ட இம்பாக்ட் ரெஞ்ச் இரண்டு பேட்டரியோடு மலிவாகக் கிடைக்கிறது. பெரிய கம்பெனிகள் 18 வோல்ட்டோடு நின்றுவிட்டார்களே, ஏன்?
வாசகர், திருப்பூர்

பதில்: மல்டிமீட்டரை எடுத்து அந்தப் பேட்டரியின் முனைகளில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 20, 21 வோல்ட்தான் காட்டும். 388 என்பது பெயர், அளவு அல்ல. உள்ளே ஐந்து லித்தியம் செல் வரிசையாகக் கோத்திருக்கும். ஒன்றுக்கு 3.6 என்று கணக்கிட்டால் 18, முழு சார்ஜில் 4.2 என்று கணக்கிட்டால் 21. எனவே 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ், 21 வோல்ட் மூன்றும் ஒரே சரக்குதான்.

நிஜமான வித்தியாசம் ஆம்பியர் அவரில் (பேட்டரி எவ்வளவு சேமிக்கும் என்ற அளவு) இருக்கிறது, பொய்யும் அங்கேதான் அதிகம். மலிவு பேக்குகளில் இருப்பது 18650 செல். ஒன்று 45 கிராமுக்குச் சற்று மேல். நான்கு, ஐந்து ஆம்பியர் அவர் வேண்டுமென்றால் பத்து செல் வேண்டும், செல் மட்டுமே 450 கிராமைத் தாண்டும். அப்படிச் சொல்லி விற்கும் பேட்டரியைச் சமையலறைத் தராசில் வைத்தால் உறையோடு சேர்த்தே 350 கிராம் என்றால், உள்ளே ஐந்து செல்தான்.

இது ஓடும் நேரத்தை மட்டும் பாதிக்கிற விஷயமல்ல. நட்டு இறுகிப் பிடித்ததும் மிஷினுக்குள் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு சுத்தியல் பின்வாங்கும், பிறகு பாய்ந்து தலையை அடிக்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடி. அந்த நேரத்தில் மோட்டார் இழுக்கும் கரண்ட்டை ஐந்து செல்லால் கொடுக்க முடியாமல் வோல்ட் சரியும், அடி தளரும். சத்தம் மட்டும் வரும், நட்டு அப்படியே இருக்கும். நல்ல மிஷினிலும் 2 ஆம்பியர் அவர் பேட்டரியை மாட்டிவிட்டு “வலுவே இல்லை” என்று குறைசொல்பவர்கள் உண்டு. 4 அல்லது 5 போட்டுப் பாருங்கள்.

சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். வேலை முடிந்து கொதிக்கக் கொதிக்கச் சார்ஜரிலும் மாட்டாதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும்.

கேள்வி: டயர் மாற்றியதிலிருந்து 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. டயர் கடையில் கன் வைத்து “டக டக டக” என்று முறுக்கினார்கள். அதனாலா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாய்ப்பு அதிகம். வெறுமனே ஓடும்போதும் உதறினால் முதலில் வீல் பேலன்ஸைப் பாருங்கள். பிரேக்கில் மட்டும் என்றால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஒரு நட்டு 300இலும் பக்கத்து நட்டு 120இலும் இறுகியிருந்தால் வீல் மாட்டும் நடுப்பகுதியான ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் இருக்கிற டிஸ்க் கோணலாக அமுங்கும். முறுக்கிய அன்றே தெரியாது, சில நூறு கிலோமீட்டர் ஓடி டிஸ்க் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த பிறகு பெடலில் அடிக்கும். நட்டு ஏறும் மரைக் கம்பியான ஸ்டட்டும் நீளும். நீண்ட ஸ்டட்டில் நட்டு பாதிவரை கையால் சுலபமாக வந்து, பிறகு காரணமில்லாமல் பிடிக்கும். அந்த ஸ்டட்டை மாற்றிவிடுங்கள்.

கழற்றுவதற்கு மிஷின் நல்லது. மாட்டும்போது அதற்கு உணர்ச்சி கிடையாது: அடி சுத்தியலோடு நின்றுவிடுவதால், நட்டு எவ்வளவு இறுகியது என்று பிடித்திருக்கும் கைக்குத் தெரியாது. ஆகவே நட்டை விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். மரை மாறி ஏறியிருந்தால் விரலே சொல்லிவிடும், மிஷின் சொல்லாமல் மரையை அரைத்துவிடும். பிறகு குறைந்த வேகத்தில் வீல் ஹப்பில் உட்காரும்வரை மட்டும் ஓட்டுங்கள், “டக டக” சத்தம் ஆரம்பித்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். நான்கு நட்டு என்றால் எதிரெதிராக, ஐந்து என்றால் நட்சத்திரம் வரைகிற மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று. ஜாக்கியை இறக்கி, டயர் தரையைத் தொட்டதும் டார்க் ரெஞ்சால் (எவ்வளவு டார்க்கில் முறுக்குகிறோம் என்று காட்டும் கை ஸ்பேனர்) எல்லா நட்டையும் இரண்டு தடவையாக முறுக்கி முடியுங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள், அலாய் வீலில் இதைத் தவற விடக்கூடாது. ஸ்டட்டில் எண்ணெய் தடவாதீர்கள். உராய்வு குறைந்து, அதே டார்க்கில் ஸ்டட் அதிகமாக இழுபடும்.

கேள்வி: பழைய பாக்ஸ் செட்டின் 19 எம்.எம். சாக்கெட் இம்பாக்ட் ரெஞ்சில் போட்டதும் பிளந்துவிட்டது. கம்பெனி சரக்குதான். ஏன்?
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பளபளவென்று குரோம் பூசியிருந்ததா? அது கைவேலைக்கான குரோம் வனேடியம் சாக்கெட். இழுவையைத் தாங்கும், அடியைத் தாங்காது. தெறிக்கிற சில்லு கண்ணுக்கு ஆபத்து. கறுப்பாக, சுவர் தடித்து வரும் குரோம் மாலிப்டினம் இம்பாக்ட் சாக்கெட் வாங்குங்கள், அதிலும் பன்னிரண்டு முனை வேண்டாம், ஆறு முனை. வீல் வேலைக்கு 17, 19, 21 ஆழ சாக்கெட் மூன்று போதும். அலாய் வீல் என்றால் பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய சுவர் சாக்கெட், இல்லாவிட்டால் நட்டுக் குழியைச் சுற்றிப் பெயிண்ட் உரியும். எக்ஸ்டென்ஷன் ராடு எவ்வளவு நீளமோ அவ்வளவு அடியை விழுங்கும், ஏனென்றால் ராடே ஸ்பிரிங் மாதிரி முறுகி விரியும். மூன்று இன்ச்சில் முடியுமென்றால் பத்து இன்ச் போடாதீர்கள்.

கேள்வி: லாரி வீல் நட்டை பேட்டரி மிஷினில் கழற்ற முடியுமா?
வாசகர், நாமக்கல்

பதில்: முடியும், ஆனால் அரை இன்ச் தலையில் முயற்சிக்காதீர்கள். 22 எம்.எம். ஸ்டட்டின் நட்டுக்கு 600 நியூட்டன் மீட்டரை ஒட்டி முறுக்கியிருப்பார்கள், துருவேறினால் ஆயிரத்தைத் தாண்டும். வழியில் டயர் மாற்ற முக்கால் இன்ச், முறுக்கும் டார்க் 1,000க்கு மேல். ஷெட்டில் தினமும் வேலை என்றால் ஒரு இன்ச் ஏர் கன்னே இன்றும் லாபம். பத்து விநாடி அடித்தும் அசையாவிட்டால் தொடர்ந்து அடிப்பதில் பயனில்லை. மோட்டார்தான் சூடாகும். துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். பழைய லாரிகளில் இடப்பக்க வீல் இடது மரையாக இருக்கலாம். ஸ்டட் முனையில் எல் எழுத்து தெரிகிறதா பாருங்கள். தெரியாமல் அடித்தால் கழற்றுவதாக நினைத்து முறுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: டூவீலர் மெக்கானிக்குக்கு இது தேவையா?
வாசகர், விழுப்புரம்

பதில்: கிளட்ச் நட்டு, மேக்னெட் நட்டு, முன் ஸ்பிராக்கெட் நட்டு மூன்றுக்கும் இதைவிடச் சுலபமான வழியில்லை. அடி திடீரென்று விழுவதால் எஞ்சின் சுற்றுவதற்கு முன் நட்டு இளகிவிடும், பெரும்பாலும் பிடித்துக்கொள்ளத் தனிக் கருவி வேண்டாம். 200, 250 நியூட்டன் மீட்டர் சிறிய மிஷின் போதும். மாட்டும்போது கையில் டார்க் ரெஞ்ச். ஸ்பார்க் பிளக், ஆயில் டிரெய்ன் போல்ட், ஹெட் போல்ட் பக்கம் மிஷினைக் கொண்டுபோகவே கூடாது, அங்கெல்லாம் மரை அலுமினியத்தில் இருக்கிறது.

கேள்வி: தம்பி அமெரிக்காவிலிருந்து இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கி வருகிறான். விமானத்தில் விடுவார்களா?
வாசகர், காரைக்குடி

பதில்: மிஷின் பெட்டியில் போகலாம். தனிப் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், முனைகளை டேப்பால் மூடி. 100 வாட் அவர் வரை பொதுவாக அனுமதி உண்டு. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டிக் கேட்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்கினால் வாட் அவர்: 18 வோல்ட் 5 ஆம்பியர் அவர் என்றால் 90, 6 என்றால் 108. சார்ஜரின் அடியில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், அதை அங்கேயே விட்டுவரச் சொல்லுங்கள். இங்கே 230இல் மாட்டிய உடனே புகைந்துவிடும். அதே பேட்டரிக்கான 230 வோல்ட் சார்ஜரை இங்கே வாங்கிக்கொள்ளலாம்.