பின் சக்கரம் ஊளையிட்டால் கிரவுன் போச்சா?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து சேலம் லீ பஜாருக்கு மிளகும் காபிக்கொட்டையும் ஏற்றிவரும் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். நானேதான் ஓட்டுகிறேன். கொஞ்ச நாளாகப் பின்பக்கம் ஊளைச் சத்தம். இடது பக்கம் வளைந்தால் கூடுகிறது, வலது பக்கம் வளைந்தால் அடங்குகிறது. வலது பின் டயரின் உட்புறம் எண்ணெய்ப் பிசுக்கு. பட்டறையில் கிரவுன் பினியன் செட்டே (பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் கியர் ஜோடி) போய்விட்டது, 38,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். ஐந்து மாதத்துக்கு முன் அங்கேதான் வலது பக்க பேரிங் மாற்றினேன். என்ன செய்வது?

பதில்: 38,000-ஐ எண்ணி வைக்காதீர்கள். பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. வண்டி இடது பக்கம் வளையும்போது பாரம் வலது சக்கரத்தில் சாயும். கெட்ட பேரிங் பாரம் ஏறினால் கத்தும், இறங்கினால் அடங்கும். கிரவுன் சத்தம் அப்படியல்ல. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒன்று, விடும்போது வேறொன்று என்று மாறும். இதைச் சமதளச் சாலையில் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் ஊர்ந்துதானே திரும்புவீர்கள், அங்கே சரியாகத் தெரியாது.

சந்தேகம் தீரவில்லையா? சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையை அந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டையின் மேல் வையுங்கள். கெட்ட பேரிங் என்றால் மணலை அரைப்பதுபோல உள்ளங்கையில் அதிரும். இடது பக்கமும் இப்படியே பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும்.

எனக்குச் சத்தத்தைவிட அந்தப் பிசுக்குதான் கவலை. ஆக்ஸிலை மூடியிருக்கும் ஹவுசிங்கில் உள்ள கியர் ஆயில், அதைத் தடுக்கும் சீல் வளையத்தைத் தாண்டி வந்திருக்கிறது. அது பிரேக் லைனரில் ஊறினால் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவிப் போடுவதெல்லாம் வீண்; இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். இன்னொன்று, சிறிய பிக்கப் பலவற்றில் ஆக்ஸிலைப் பிடித்து நிறுத்துவதே பேரிங்கும் அதை அடுத்து இறுக்கமாக ஏற்றிய காலர் என்ற இரும்பு வளையமும்தான். காலர் நழுவினால் ஆக்ஸிலோடு சக்கரம் வெளியே வந்துவிடும். சரிசெய்யும்வரை லோடு ஏற்றவே ஏற்றாதீர்கள்.

ஐந்தே மாதத்தில் ஏன் போனது? பேரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றாமல் சுத்தியால் தட்டி ஏற்றியிருக்கலாம். தட்டினால் உள்ளே பள்ளம் விழும், அந்தப் பள்ளம்தான் பிறகு ஊளையிடும். பழைய காலரையே திரும்பப் போட்டிருக்கலாம். ஹவுசிங்கின் மேல் காற்று வெளியேற இருக்கும் பிரீதர் சேறால் அடைத்திருந்தாலும் உள்ளே சூட்டில் அழுத்தம் கூடி, புது சீலைத் தாண்டியும் ஆயில் கசியும். பிரீதரை யாரும் கவனிப்பதில்லை, துடைக்கக் காசும் ஆகாது. இந்த முறை பேரிங், சீல், காலர் மூன்றும் புதிதாக வாங்குங்கள். பழைய பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டு, பில்லோடு வாங்குங்கள். சீல் உட்காரும் இடத்தில் ஆக்ஸிலில் வரி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் புது சீலும் நிற்காது.

அன்று பேரிங் மாற்றிய பட்டறைக்காரரிடம், அந்த வேலைக்குப் பொறுப்பேற்கச் சொல்லி முதலில் எழுத்தில் கேளுங்கள். ‘கமர்ஷியல் வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது’ என்று சொன்னால் மலைக்க வேண்டாம். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஒற்றை வண்டிக்காரரை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் அழைத்துப் புகார் சொல்லலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், உங்கள் தொகைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பழைய பில் வேண்டும். வேறு பட்டறையில், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே கழற்றச் சொல்லி போட்டோ எடுங்கள். கழற்றிய பேரிங்கைத் துடைக்காமல், ஆயிலோடேயே ஒரு கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.