வேகன் இழுக்கும் பழைய வண்டி வாங்கலாமா?

கேள்வி: திருநெல்வேலி பக்கம் ஓர் ஆலையின் தனி சைடிங்கில் (ஆலைக்கெனப் பிரியும் கிளைத் தண்டவாளம்) சரக்கு இறக்கும் ஒப்பந்தம் எடுத்திருக்கிறேன். வேகன்களை இப்போது ஜேசிபியால்தான் தள்ளுகிறோம். ரோட்டிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி, ஐரோப்பாவில் ஓடிய பழையது, மலிவாக வருகிறது என்கிறார் ஒரு தரகர். 10 டன் எடையாம், லோடு ஏற்றிய ஆறு வேகனை இழுக்குமாம். நம்பி வாங்கலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: விலை பேசும் முன் கேஜைக் கேளுங்கள். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர், நம்முடையது 1676. "சின்ன இரும்புச் சக்கரத்தை மாற்றினால் போதும்" என்பார் தரகர். போதாது. இந்த வண்டிகள் பலவற்றில் தண்டவாளத்தின் மேல் உருண்டு இழுப்பது ரப்பர் டயர்தான். இரும்புச் சக்கரம் வண்டி விலகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. யூனிமாக் மாதிரி லாரிகளின் டயர் இடைவெளி 1435-க்குத் தோதாக இருக்கும். நம் அகலத்துக்கு வர ஆக்சிலிலேயே கைவைக்க வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் 'மலிவு' எங்கே போகிறது என்று பாருங்கள்.

அடுத்து ஆறு வேகன் கதை. லோடு ஏற்றிய பாக்ஸ்என் வேகன் (நிலக்கரி போன்றவை ஏற்றும் திறந்த வேகன்) ஒன்று 81 டன்னுக்குச் சற்று மேல். ஆறும் சேர்ந்தால் 490 டன் பக்கம். நிற்கிற வேகனைச் சமதளத்தில் கிளப்ப டன்னுக்கு 5 கிலோ இழுவை என்று வைத்துக்கொள்வோம். 400-க்கு 1 ஏற்றம் இருந்தால் இன்னும் 2.5 கிலோ. மொத்தம் 3,700 கிலோ வருகிறது. காய்ந்த தண்டவாளத்தில் ரப்பர் டயருக்குத் தன்மேல் விழும் எடையில் சுமார் பாதி அளவு பிடிப்பு கிடைக்கும். 10 டன் வண்டிக்கு 5 டன், சரி. நனைந்தால் அதுவும் பாதியாகிவிடும். ஐப்பசி மழையில் டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். எத்தனை குதிரைத்திறன் என்று அவர் அளந்தாலும் இதற்கு உதவாது.

1948 முதல் அமெரிக்காவில் செய்யப்படும் டிராக்மொபைல் என்ற வேகன் இழுக்கும் வண்டி இந்தப் பிடிப்புச் சிக்கலை வேறு மாதிரி சமாளிக்கிறது. இழுப்பது இரும்புச் சக்கரம். வேகனோடு இணைக்கும் கப்ளரைத் தூக்கி வேகனின் எடையில் ஒரு பங்கைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். கெட்டிக்கார யோசனை.

ஜேசிபி தள்ளலை இன்றே நிறுத்துங்கள். தள்ளிவிட அதற்குத் தெரியும், பிடித்து நிறுத்தத் தெரியாது. எஞ்சின் கழன்று, பிரேக்கின் காற்றும் இறங்கிய வேகனில் ஹேண்ட்பிரேக் தவிர வேறு பிரேக் கிடையாது. வாங்கும் வண்டியில் வேகன்களின் பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ காற்றழுத்தம் ஏற்றும் கம்ப்ரசர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரியாததா? அது வீசும் பக்கம் சைடிங் இருந்தால் காலி வேகனுக்கும் சக்கரக் கட்டை வைக்காமல் நகராதீர்கள்.

பின்னால் தகராறு வந்தால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று எண்ணியிருந்தால், ஒரு சிக்கல். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆக மாட்டார். பிழைப்புக்காகச் சுயதொழிலுக்கு வாங்குபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆள் வைத்து ஒப்பந்தம் நடத்தும் உங்களுக்கு அது கிடைப்பது கஷ்டம். ஆகவே எல்லாம் ஆர்டர் தாளில் இருக்கட்டும்: கேஜ் 1676, ஆறு லோடு வேகன், உங்கள் சைடிங்கில், தண்டவாளத்தில் தண்ணீர் ஊற்றி சோதனை ஓட்டம். சைடிங்கில் சொந்த வண்டி ஓட்ட ஆலையும் ரயில்வேயும் சம்மதிப்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஓட்டம் தேறும்வரை பணத்தில் பெரும்பகுதி உங்களிடமே இருக்கட்டும். தரகர் இதற்கு முகம் சுளித்தால் அட்வான்ஸ் மிச்சம்.